ஈயமும் பித்தளையும்
(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்பது பழமொழி. தன் குறையை மறந்து பிறரைப் பழிப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது அது. ஆனால் சென்ற கல்லூரி விழாவன்று அப்பழமொழி சொல்லுக்குச் சொல் எங்கள் மேடைக்குப் பின்னால் நிகழக் கண்டேன்.

மெல்லிசை நிகழ்ச்சி தொடங்க அரைமணி நேரமே இருந்தது. எங்கள் மின் கிதார் திடீரென்று ஊமையாயிற்று. மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பிக்கப்பிலிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்குச் செல்லும் கம்பி, சால்டர் வைத்த இடத்தில் விட்டிருந்தது. சுற்றி நின்ற எட்டுப் பேரும் இயற்பியல் மாணவர்கள். ஆயினும், சால்டரிங் அயர்னைப் பிடிக்கத் தெரிந்தவர் ஆய்வக உதவியாளர் ஒருவரே! அவர் வந்தார், பத்தே நிமிடத்தில் கிதார் பேசியது.

விழா பார்க்க வந்திருந்த என் அண்ணன் சிரித்தார். அவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கான ஒயரிங்கில் கனெக்டர் பொருத்தும் வேலை. “இன்னமும் ஈயத்தை உருக்கிக்கிட்டா இருக்கீங்க? எங்க கம்பெனியில செருகினா வேலை முடிஞ்சுது” என்றார். கனெக்டருக்குள் இருப்பவை பித்தளை முனைகள். பித்தளை ஈயத்தைப் பார்த்து இளித்துவிட்டது!

அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஓடும் வண்டியில் எல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும். சால்டர் கம்பியின் இழைகளுக்குள் ஊறி அவ்விடத்தை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் கம்பி மடங்கி மடங்கி ஒடியும். ஆகவே அங்கே அழுத்திப் பொருத்திய கனெக்டரே சிறந்தது. கிதார் உலகிலும் இம்முறை நுழைந்துவிட்டது. அமெரிக்காவின் இ.எம்.ஜி. நிறுவனம் சால்டரே இல்லாமல் செருகிப் பொருத்தும் பிக்கப்புகளைப் பல ஆண்டுகளாக விற்று வருகிறது. புதியவர்கள் கை சுடாமல் பிக்கப்பை மாற்றலாம். அதிகச் சூட்டினால் வால்யூம் கண்ட்ரோல் கெடும் அச்சமும் இல்லை.

ஆயினும் நான் ஈயத்தின் கட்சியே. காரணங்களைச் சொல்கிறேன்.

பிக்கப் என்பது என்ன? காந்தத்தைச் சுற்றித் தலைமயிரின் பருமனேயுள்ள செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள். அதன் மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. 2014இல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தம் மின் மாண்டலினில் கமகங்களைக் குழைத்து நம்மை உருக்கியதும் இந்தத் தத்துவத்தின் துணையால்தான்.

அங்கே பிறக்கும் மின்னழுத்தமோ மில்லிவோல்ட்டில் அளக்கத்தக்க அளவு. செருகும் முனைகளில் நாளடைவில் ஆக்சைடு படலம் படியும். பெரிய மின்னோட்டமானால் அப்படலத்தை உடைத்துக்கொண்டு பாயும். இந்த மெல்லிய சைகையால் அது இயலாது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்று வீசும் நம் வட்டாரத்தில் சொல்லவும் வேண்டுமா? இன்றும் கிதாரில் அடிக்கடி ‘கரகர’ என்று தொல்லை தருவது எது? வெளியே ஒயர் செருகும் ஜாக்தானே? அந்தத் தொல்லையை உள்ளேயும் ஏன் பெருக்க வேண்டும்? மேலும், கிதாரின் வயிற்றுக்குள் கம்பி அசைவதில்லை. வண்டிக்குச் சொன்ன குறை இங்கே பொருந்தாது.

இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் கனெக்டர் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்ற உறுதியில்லை. ஈயமோ எந்த நிறுவனத்தையும் கேட்பதில்லை. திருவள்ளூர்க் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்ப்பவரே போதும்.

ஈயத்துக்குக் குறையில்லையா? உண்டு. சூடு போதாமல் வைத்தால், மெக்கானிக்குகள் சொல்லும் ‘டிரை சால்டர்’ ஆகிவிடும்; அன்று எங்களைக் கவிழ்த்தது அதுவே. காரீயம் நஞ்சு என்பதும் மெய். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியுள்ளது. காரீயமில்லாத சால்டர் இப்போது கிடைக்கிறது. சற்றுக் கூடுதல் சூடு வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, முடிந்ததும் கை கழுவினால் போதும்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327இல். இரண்டையும் 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும்! இதைத் தேர்வுத்தாளில் எழுதுகிறோம். கையால் ஒரு முறையேனும் உருக்கிப் பார்த்தோமா? பட்டம் பெற்றபின் நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து வேலைக்குச் செல்லப் போகிறோம். செருகத் தெரிந்தவனுக்குக் கனெக்டர் இருக்கும்வரைதான் வேலை. பற்றவைக்கத் தெரிந்தவன் கெட்டதையும் சரிசெய்வான். ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் ஒரு நல்ல சால்டர் வைத்துக் காட்ட வேண்டும் என்று விதி செய்யுங்கள். எட்டுப் பேர் கைகட்டி நின்ற வெட்கம் அடுத்த அணிக்கு வேண்டாம்.

கடைசியாக அண்ணனுக்கு ஒரு சொல். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நம் வீட்டில் புளிக்குழம்பு வைப்பதுண்டா? அவர் பொருத்தும் பித்தளை முனைகளில் பலவற்றின் மேலே பளபளப்பதும் வெள்ளீயப் பூச்சேதான். பித்தளை இனியேனும் இளிக்காதிருக்கட்டும்!