மட்டைக்கு முன் உடம்பு

கொள்ளேகாலில் கோல்ப் மைதானம் கிடையாது. ஆட வேண்டுமென்றால் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, சாமுண்டி மலையடிவாரத்தில் மைசூர் ரேஸ் கோர்சுக்குள் இருக்கும் மைதானத்துக்குத்தான் போகவேண்டும். அப்படியிருந்தும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குள் இந்த ஆட்டம் மெல்ல நுழைந்துவிட்டது. பெங்களூர்க் கம்பெனிகளில் பதவியில் இருக்கும் பிள்ளைகள் மேலதிகாரிகளோடு ஆடப் போகிறார்கள். அவர்களைப் பார்த்து ஐம்பது வயது அப்பாக்களுக்கும் ஆசை பிறக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் நம்மவர்கள் முதலில் ஓடுவது மட்டை வாங்க. சம்பளத்தில் பாதியைக் கொட்டி பை நிறைய மட்டை வாங்குகிறார்கள் (ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்பது விதி, நல்லவேளை!). உடம்பைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைப்பில்லை. தொப்பி போட்டுக்கொண்டு புல்தரையில் உலாவும் ஆட்டத்துக்கு எதற்குத் தேகப்பயிற்சி என்று கேட்கிறார்கள்.

18 குழிகளையும் நடந்தே ஆடினால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடியோ கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்த நொடிக்குள் பாதத்தில் பிறக்கும் விசை தொடை, இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறிக் கைக்கு வரவேண்டும். கோடாலியால் விறகு பிளப்பவரைப் பாருங்கள்; வெறும் கையால் அவர் பிளப்பதில்லை. காலிலும் இடுப்பிலும் வலுவில்லாதவர் அந்தச் சுமை முழுவதையும் கீழ்முதுகின் மேல் ஏற்றுகிறார். இந்த ஆட்டக்காரர்களுக்கு அதிகமாக வரும் தொல்லை முதுகுவலிதான். பதினான்காவது குழிக்குப் பிறகு பந்து புதருக்குள் போவதும் பெரும்பாலும் கால் களைத்ததால்தான். பழியை மட்டையின் மேல் போட்டுப் புதிது வாங்குவது வீண்செலவு.

தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் உயரம் குறைந்தவர். எடை தூக்கினால் தசை இறுகி ஆட்டம் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் சொன்ன காலத்திலேயே எடை தூக்கிப் பயிற்சி செய்தார். உலகின் மிகப் பெரிய போட்டிகளில் 9 முறை வென்றார். அதில் 1978 மாஸ்டர்ஸ் வெற்றி 42 வயதில் வந்தது.

நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம். வெண்கலம் ஒரே ஓர் அடியில் நழுவியது. போட்டிக்குச் சில வாரங்கள் முன்புதான் அவர் கொரோனாவில் விழுந்து எழுந்திருந்தார். பந்தைப் பழைய தூரத்துக்கு அனுப்பும் வலு திரும்பவில்லை. குழிக்கருகில் மெல்லத் தட்டும் நுணுக்கத்தை வைத்தே உலகத்தின் முன்னணியினரோடு மல்லுக்கட்டினார். அந்த ஓர் அடி உடம்பில்தான் போயிற்று என்று நிரூபிக்க முடியாது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே பெங்களூரின் சி. முனியப்பா, பிறர் மட்டைப்பையைச் சுமக்கும் கேடியாக (போலீஸ் தேடும் கேடி அல்ல!) இருந்து ஆட்டக்காரரானவர். 2009இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்றார். பத்துப் பன்னிரண்டு கிலோ பையோடு தினமும் மேடு பள்ளம் நடந்த காலுக்கு இந்த ஆட்டத்தில் மதிப்பு உண்டு.

நாம் என்ன செய்யலாம்? ஏசி ஜிம்முக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. சிவராத்திரிக்கு நம்மூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகும் பக்தர்களின் கால்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நடை தினம் ஒரு மணி நேரம் போதும். இடையிடையே படியேற்றம் சேரட்டும். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தைக் கோயிலுக்கு வெளியிலும் போடுங்கள், தொடைக்கு அதைவிட எளிய பயிற்சி இல்லை. அப்புறம் கர்லாக்கட்டை. மைசூர்ப் பக்கத்து கரடி மனைகளில் பயில்வான்கள் இன்றும் சுழற்றுகிறார்கள். நம் தாத்தாக்களும் சுழற்றினார்கள். தோளும் மணிக்கட்டும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பப் பழக்குவதில் அதற்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. வெளிநாட்டுக் கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம் பரணில் கிடப்பதை மறந்துவிட்டோம். லேசான கட்டையில் தொடங்கி, தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். முரட்டுத்தனமாகச் சுழற்றினால் அதுவே தோளைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மூன்று மாதம் இப்படிப் பழகிய பிறகு மட்டைக் கடைக்குப் போனால் போதும்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அதிதி 5 வயதில் தொடங்கினார் என்று கேட்டுவிட்டு, பிள்ளையைக் காலை முதல் மாலை வரை ஒரே பக்கமாகத் திரும்பி அடிக்கவைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அது கொடுமை. ஓடட்டும், மரமேறட்டும், கபடி ஆடட்டும்.

ஆடும் நாளன்று, காரிலிருந்து இறங்கியதும் பெரிய மட்டையை வீசாதீர்கள். கொள்ளேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்த இடுப்பு இறுகிப்போயிருக்கும். கால் மணி நேரம் நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி, சின்ன மட்டையால் பத்துப் பந்து தட்டிய பிறகு பெரியதை எடுங்கள். பையில் தண்ணீர், மோர், இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலைமிட்டாய் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். மின்வண்டி இருந்தாலும் ஏறாதீர்கள். பையைக் கேடி சுமந்தால் அவருக்குக் கூலியோடு ஒரு வாழைப்பழமும் கொடுங்கள். உங்களைவிட அதிகம் உழைப்பவர் அவர்தான்.