முற்றத்தில் பெய்த மழை



வீடு கட்டுவதென்பது நம் குடும்பங்களில் இலேசான காரியமன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். வாப்பா தேடிய காணி, மகன் அரபு நாட்டிலிருந்து அனுப்பும் பணம், மருமகளின் விருப்பம், அக்கம்பக்கத்தாரின் கண் எல்லாம் கூடித்தான் ஒரு வீடு எழும்புகின்றது. எங்கள் வீட்டிலும் சில மாதங்களாக அந்தப் பேச்சுத்தான். கத்தாரிலிருக்கும் என் மகன் வரைபடம் ஒன்றை அனுப்பியிருந்தான். இரண்டு மாடி, வீதிப் பக்கம் முழுவதும் கண்ணாடி, மேலே தட்டையான கொங்கிறீட் கூரை. அழகான படந்தான், பொய் சொல்வானேன்? ஆனால் அந்தப் படத்தில் எங்கள் பின் விறாந்தை இல்லை. விறாந்தையை ஒட்டி நிற்கும் பலா மரமும் இல்லை. 83 வயதான என் மாமி சுபுஹு முதல் மக்ரிப் வரை இருப்பதே அந்த விறாந்தையில், அந்தப் பலாவின் நிழலில்தான். அவரை எங்கே இருத்துவாய் என்று தொலைபேசியில் கேட்டேன். "வாப்பும்மாவுக்குக் கீழ்மாடியில் ஏஸி அறை இருக்கின்றதே, உம்மா" என்றான். நான் மேலே பேசவில்லை.

ஒக்டோபரில் விடுமுறைக்கு வந்தவன், எங்களை மகிழ்விக்க எண்ணி, பெந்தோட்டைக்கு உள்ளே லுனுகங்காவில் இரண்டு இரவுகள் தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்தான். உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் தோட்டமும் வீடும் அது. செலவைக் கேட்டபோது எனக்கு மூச்சு முட்டியது. நம்மைப் போன்ற குடும்பங்கள் அடிக்கடி செல்லக்கூடிய இடமன்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தர்கா நகரில் உறவினர் வீட்டில் லுஹர் தொழுது, உண்டு, களைப்பாறிவிட்டுப் புறப்பட்டோம். பெந்தோட்டை ஆற்றைக் கடந்து காலி வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் ஊர் அடங்கிவிடுகின்றது. குறுகிய பாதை, இறப்பர் மரங்கள், சிறு கடைகள், வயல்கள். அதற்கப்பால் தெத்துவ ஏரி. லுனுகங்கா என்ற சிங்களச் சொல்லுக்கு உப்பாறு என்று பொருள். சேர்ந்துவிட்டோம் என்று சாரதி சொன்ன பின்னரும் மகன் கண்ணாடி வழியே வீட்டைத் தேடிக்கொண்டிருந்தான். பெரிய வாயிலில்லை, எழும்பி நிற்கும் முகப்பில்லை. படிகளில் ஏறி மரங்களுக்கிடையே வந்த பிறகே, தாழ்ந்த ஓட்டுக் கூரையுடன் வீடு தன்னைக் காட்டிக்கொடுத்தது.

பாவா என்னும் பெயர் நம் இல்லங்களில் புழங்கும் பெயராயிற்றே என்று நீங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. அவருடைய பாட்டனார் அஹமது பாவா ஒரு முஸ்லிம் வழக்கறிஞர். ஆங்கிலப் பெண்மணியை மணந்தவர். தந்தையாரும் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் வழியில் ஐரோப்பிய, சிங்கள இரத்தம். பேரர் நம் வழியில் வளர்ந்தவரல்லர். பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1919இல் கொழும்பில் பிறந்த அவரும் கேம்பிரிட்ஜில் பயின்று வழக்கறிஞராகத்தான் வந்தார். அத்தொழிலில் மனம் ஒட்டவில்லை. இத்தாலியில் வீடு வாங்கிக் குடியேறிவிட நினைத்தவர், 1948இல் இந்தப் பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்தைத் தம் எண்ணப்படி மாற்றப் புகுந்தபோதுதான் அதற்கான கல்வி தம்மிடமில்லை என உணர்ந்தார். மீண்டும் மாணவராகி, இலண்டனில் படித்து, கட்டடக் கலைஞராகத் தேறியது 1957இல், தம் 38ஆம் வயதில்! பின்னாளில் கோட்டையில் நம் பாராளுமன்றத்தை அமைத்தவர் அவரே. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் சிறப்பு விருதும் அவருக்குக் கிடைத்தது. 2003இல் மறையும்வரை இந்தத் தோட்டத்தை அவர் கைவிடவில்லை.

தோட்டத்தில் அவர் செய்தவை முதற்பார்வையில் புலப்படா. வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் புல்வெளி மேடேறிக் கறுவாக் குன்றுவரை செல்கின்றது. மரத்தடியில் பெரிய சாடி ஒன்று. அதற்கப்பால் ஏரி நீர். அதற்கும் அப்பால் தொலைவில் ஒரு விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம். எல்லாம் இறைவன் படைத்தபடியே இருப்பதாக எண்ணிக்கொண்டு நடந்தேன். அருகே சென்றபோதுதான் நடுவே ஒரு பாதை, பள்ளத்தில் தாழ்த்தப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதைக் கண்டேன். போக்குவரத்தை மறிக்கவில்லை, மதிலும் எழுப்பவில்லை. பார்வைக்குக் குறுக்கே வராமல் இறக்கிவிட்டிருக்கின்றார், அவ்வளவுதான். இன்னோரிடத்தில் அரளி மரமொன்று குடை போல் படர்ந்திருந்தது. அதன் கிளைகளில் பாரம் தொங்கவிட்டுப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து அவ்வாறு வளைத்தாராம். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

நாங்கள் தங்கியது தோட்டத்திலுள்ள மற்றொரு வீட்டில். அதன் கதை வியப்பானது. 1960களின் தொடக்கத்தில், பத்திக் ஓவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா கட்டிய வீடு அது. பழைய வளவுகளைப் போல் முற்றமும் விறாந்தையும் வேண்டும், ஆனால் இக்காலத்து வீடாகவும் இருக்க வேண்டும் என்று அந்த அம்மையார் கேட்டிருக்கின்றார். பிற்காலத்தில் காணி கைமாறி வீடு அழிய இருந்தபோது, ஓடும் மரமும் கல்லுமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். 2016இல் அப்பணி முடிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மதில். உள்ளே நுழைந்தால் வானம்! நடுமுற்றத்தைச் சுற்றித் திறந்த விறாந்தைகள், மரத்தூண்கள், மூலைகளில் சின்னஞ்சிறு முற்றங்கள். எங்கள் மருமகள்தான் முதலில் சொன்னாள்: "மாமி, இங்கே முக்காடு இல்லாமலே காற்று வாங்கலாம்." உண்மை. மதிலுக்கு உள்ளே எல்லாம் திறந்து கிடக்க, வெளியார் பார்வை ஒன்றும் எட்டாது. எங்கள் புதிய வரைபடத்திலோ நேர்மாறாக, வீதிக்குக் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குத் தடித்த திரைச்சீலை, திரையினால் இருட்டு, இருட்டுக்கு மின்விளக்கு, அடைத்த அறைக்கு ஏஸி! அன்றிரவு நான் இதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். இடித்துரைத்தால் பிள்ளைகள் கேட்பார்களா?

மறுநாள் அஸருக்குப் பின் மழை பிடித்தது. விறாந்தையில் தொழுது முடித்த மாமி, பாயிலேயே அமர்ந்திருந்தார். வீட்டின் நடுவே, எங்கள் முழங்காலுக்கு நான்கு அடி தூரத்தில், ஓடுகளிலிருந்து நீர் திரை போல் இறங்கியது. அகன்ற தாழ்வாரத்தின் கீழ் இருந்த எங்கள்மீது சாரல்கூட விழவில்லை. மண் வாசம் வீடெல்லாம் நிறைந்தது. நெடுநேரம் பார்த்திருந்த மாமி மகனை அழைத்தார்.

"ஏன் வாப்பா, இதற்கா இவ்வளவு காசு கொடுத்தாய்?"

"பிடிக்கவில்லையா, வாப்பும்மா?"

"பிடித்திருக்கின்றது. ஆனால் நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது நம் வீடே இப்படித்தானே இருந்தது. முற்றத்தில் மழை விழும். கிடாரம் வைத்துப் பிடிப்போம். பிறகு உன் அப்பாதான் காலத்துக்கு ஒவ்வாதென்று மூடி அறையாக்கினார்."

மகன் எதுவும் சொல்லவில்லை. அந்த இருண்ட நடு அறை எங்கள் பழைய தட்டுமுட்டுகளை அடுக்கிவைக்கும் அறை. அது ஒரு காலத்தில் முற்றமாக இருந்ததென்று எனக்கே அன்றுதான் தெரியும்.

இரவில் அவன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுக் கூரை ஒழுகும் என்பதுதானே நம்மவர் அச்சம்? பாவா அதற்கொரு வழி கண்டார்: நெளி சிமெந்துத் தகட்டை அடியில் பரப்பி, அதன் மேல் பழைய அரைவட்ட ஓடுகளை அடுக்கினார். தகடு நீரைத் தடுக்கும். ஓடு வெயிலைத் தடுக்கும். கல்நார் கலந்த தகடு சுகத்துக்குக் கேடென்று இப்போது அறிந்திருக்கிறோம். கல்நார் இல்லாதவை கிடைக்கின்றன. 1960களில் வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால், உள்ளூர் மரத்தையும் ஓட்டையும் கல்லையும் கொண்டே அவர் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டுப்பாடுதான் இந்த அழகுக்கும் ஒரு காரணம் என்பேன்.

போக எண்ணுவோர்க்கு ஒரு சொல். உணவு பற்றி முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஏரிக்கரையில் சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கொசுவலை இல்லாமல் உறங்க வேண்டாம். முழங்கால் வலியுள்ள முதியோருக்குப் படிகள் சிரமம். மாமியை இருவர் தாங்கித்தான் குன்றின் பாதிவரை அழைத்துச் சென்றோம். நெடும்பயணம் இயலாதவர்கள் தம் ஊரிலேயே மிஞ்சியிருக்கும் ஒரு பழைய முற்றத்து வீட்டுக்குள் மழை நாளில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்கலாம். செலவில்லை.

மகன் திரும்பிச் செல்வதற்கு முதல் நாள், வரைபடத்தை விறாந்தையில் விரித்தான். பலா மரத்தைத் தறிக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமாமே என்று அவனே தொடங்கினான். சட்டம் அப்படித்தான், ஆனால் அவன் மனம் மாறியது சட்டத்தினால் அன்று என்பது எனக்குத் தெரியும். மாமி படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதில் பலா எங்கே?" என்று கேட்டார். அவன் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். பிறகு அதன் பக்கத்தில், விறாந்தை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கோடு.

முன்பக்கக் கண்ணாடி மட்டும் இன்னும் நிற்கின்றது. மருமகளுக்கு அது வேண்டுமாம்.