சுட்டிக்காட்டாத மதிப்பெண்

நுண்கலைக் கல்லூரியொன்றில் செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள் காலை. பயிற்சிக்கூடத்துச் சுவரோரம் ஓவியங்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர்கள் இல்லை, மூலையில் பதிவெண் மட்டும். வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் கையில் பட்டியலுடன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார். அகத்தேர்வாளர் அவருக்கு ஓரடி பின்னால். ஓர் ஓவியத்தின் முன் இரண்டு நிமிடம், அடுத்ததன் முன் அரை நிமிடம். நண்பகல் உணவுக்குள் நாற்பது எண்கள் எழுதப்பட்டுவிடுகின்றன. நான்காண்டுப் படிப்பின் பெரும்பகுதியை இத்தகைய நடைகளே தீர்மானிக்கின்றன. வராந்தாவில் காத்திருக்கும் மாணவர்களுக்கு இது புதிதன்று. நுண்கலை படித்த எவருக்கும் புதிதன்று.

பட்டியலில் 54 என்ற எண்ணைப் பெற்றவர் எஞ்சிய 46-ஐ எங்கே இழந்தார்? தோள்பட்டையின் சாய்வைத் தவறவிட்டதிலா, நிழலுக்கெல்லாம் கறுப்பையே நம்பியதிலா, அல்லது தேர்வாளருக்கு அருவ ஓவியத்தில் ஈடுபாடு இல்லாமற்போனதிலா? அந்த எண்ணிடம் இதற்கு விடை இல்லை. எழுத்துத் தேர்வில் ஐயம் கொண்டவர் விடைத்தாளின் நகலைக் கோரலாம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். செய்முறைத் தேர்வுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அவ்வழி கிடையாது. முதுகலைச் சேர்க்கையும் உதவித்தொகையும் ஆசிரியப் பணிக்கான தகுதியும் இந்த எண்ணைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன என்பதால், இது வெறும் மனக்குறை சார்ந்த செய்தியாகாது.

இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியும், அதனைத் தொடர்ந்து கல்கத்தாவிலும் பம்பாயிலும் எழுந்த பள்ளிகளும் லண்டனின் சவுத் கென்சிங்டன் கலைக்கல்வி முறையின் நிழலில் வளர்ந்தவை. கோடு, வடிவியல், சுதைப்படிமத்தைப் பார்த்து வரைதல் என்று படிப்படியாக நகரும் பயிற்சி அது. அங்கே மதிப்பிடுவது எளிது. மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்தால் போதும். பின்னர்க் கற்பித்தலின் நோக்கமே மாறிற்று. 1919-இல் சாந்திநிகேதனில் கலாபவனமும், 1950-இல் பரோடாவில் நுண்கலைப் புலமும் தோன்றின. சென்னைப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் மாணவர் தமக்கேயுரிய கோட்டைத் தேடிக் கண்டடைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிலைபெற்றது. தேர்வுக்கூடம் மட்டும் பெரிதும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வரையறுத்த மணிநேரம், கொடுக்கப்பட்ட தலைப்பு, பதிவெண், வெளியூர்த் தேர்வாளர். ஒப்பிடுவதற்கான மூலம் மறைந்துவிட்டது. ஒப்பிட்டு இடும் எண் மறையவில்லை.

இக்குறையைத் தீர்க்க இப்போது முன்வைக்கப்படும் மருந்து ‘கற்றல் விளைவுகள்’ என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விளைவுசார் பாடத்திட்ட வரைவுகளும் நாக் தரமதிப்பீடும் எல்லாத் துறைகளையும் போலவே நுண்கலைத் துறைகளையும் இதற்குள் கொண்டுவந்துள்ளன. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்தாறு விளைவுகள் எழுதப்படுகின்றன. அவை பட்டப்படிப்பின் பொது விளைவுகளோடு 3, 2, 1 என்ற அளவில் அட்டவணையில் பொருத்தப்படுகின்றன. ‘மாணவர் தம் படைப்பாற்றலை வெளிப்படுத்துவார்’, ‘மாணவர் பல்வேறு ஊடகங்களைப் பகுத்தாராய்வார்’ என்பன போன்ற வாக்கியங்கள். இவற்றின் மொழியமைப்பைச் சற்றே கவனித்தால் போதும். எழுவாய் எப்போதும் பொதுப்பெயர்; காலம் எப்போதும் எதிர்காலம்; வினைகள் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வெளியிட்ட வகைப்பாட்டின் வழிவந்த பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எந்த மாணவருக்கும் எந்த ஓவியத்துக்கும் பொருந்தும் வாக்கியம், குறிப்பிட்ட ஓர் ஓவியத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எலியட் ஐஸ்னர் இதனை 1969-இலேயே எச்சரித்தார்: முன்கூட்டியே வரையறுக்கத்தக்க நோக்கங்கள் வேறு, ஒரு செயலில் ஈடுபட்ட பிறகே இன்னதென்று தெரியவரும் ‘வெளிப்பாட்டு நோக்கங்கள்’ வேறு. கலைக்கல்வியில் இரண்டாவது வகையை விலக்கிவிட்டால் மிஞ்சுவது குறைவு.

ஆயினும் விளைவு அட்டவணையை வெறும் அலுவலகக் கூத்து என்று ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அட்டவணை வருவதற்கு முன் பொற்காலம் ஏதும் இருந்துவிடவில்லை. ‘கண்ணுக்குத் தெரியும்’ என்று சொல்லி மதிப்பெண் இட்ட ஆசிரியரின் கண் எவரைப் பார்த்தது, எவரைப் பார்க்காமல் கடந்தது என்பது பயிற்சிக்கூடங்களில் தாழ்ந்த குரலில் பேசப்பட்டே வந்திருக்கிறது. ஆசிரியரின் பாணியை ஒற்றி வரைந்தவர் உயர்ந்ததும், கேள்வி கேட்டவர் அடுத்த ஆண்டுவரை அரியரோடு அலைந்ததும் எந்த ஊர்க் கல்லூரிக்கும் அந்நியமான கதைகள் அல்ல. அட்டவணையின் பின்னால் உள்ள நீதியுணர்வு உண்மையானது. அது கைக்கொண்ட கருவிதான் பொருந்தாதது.

பயிற்சிக்கூடத்தில் கற்றல் நடக்கும் வேளையில் என்ன பேசப்படுகிறது என்பதைக் கேட்டால் இப்பொருத்தமின்மை விளங்கும். ‘இந்த இடம் இறுகிப்போயிருக்கு.’ ‘அந்த மஞ்சளைக் கொஞ்சம் அடக்கு.’ ‘இங்கேயிருந்து பாரு, இப்போ தெரியுதா?’ இப்பேச்சின் எடை முழுவதும் சுட்டுச்சொற்களின் மேல் நிற்கிறது. விரலும் கண்ணும் உடன் இல்லாவிடில் இவ்வாக்கியங்களுக்குப் பொருளே இல்லை. கார்ல் பியூலர் 1934-இல் மொழியின் சுட்டுப்புலத்தையும் குறியீட்டுப்புலத்தையும் பிரித்துக் காட்டினார். பயிற்சிக்கூடத்து மதிப்பீடு முதற்புலத்தைச் சேர்ந்தது. மதிப்பெண்ணும் விளைவு வாக்கியமும் இரண்டாவதைச் சேர்ந்தவை. சுட்டுப்புலத்தில் பிறந்த தீர்ப்பைக் குறியீட்டுப்புலத்துக்கு மாற்றும்போது ‘இங்கே’ என்பது தொலைந்துவிடுகிறது. மாணவருக்குத் தேவைப்படுவது அந்த ‘இங்கே’ ஒன்றே.

சுவாமிமலைப் பட்டறைகளில் இத்தொல்லை குறைவு என்பது எண்ணத்தக்கது. அங்கே தென்னோலை நறுக்கை மடித்துத் தாள அளவு எடுக்கிறார்கள். உருவின் பகுதிகளுக்கான விகிதம் மரபில் உறுதிப்பட்டது. அதைவிட முக்கியமானது மதிப்பீடு நிகழும் தருணம். குங்கிலியம் கலந்த மெழுகில் உரு நிற்கும்போதே பெரியவர் பார்த்துவிடுகிறார். மூக்கின் நுனி, விரல்களின் மடிப்பு, இடையின் வளைவு ஆகிய யாவும் அந்நிலையில் திருத்தத்தக்கவை. வண்டல் மண்ணைப் பூசி மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை வார்த்தபின் அரத்தாலும் உளியாலும் செய்யக்கூடியது சிறிதே. கல்லூரிப் புறத்தேர்வாளரோ வார்த்து ஆறிய பிறகே வந்து சேர்கிறார். பட்டறையிலும் சாதி, குலம், பெண்களுக்கு மூடிய கதவு என்ற வேறு கணக்குகள் உண்டு. அதனை அப்படியே கல்லூரிக்குள் பெயர்த்துவைக்க எவரும் கோரவேண்டியதில்லை. மெழுகு நிலையில் பார்ப்பது என்ற ஒரு வழக்கத்தை மட்டும் கடன் வாங்கலாம்.

இடையே புதிதாக ஒரு வடிகட்டி நுழைந்துள்ளது: கருத்துரை. படைப்பைப் பற்றி ஒரு பக்கம், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதித் தரவேண்டும். வாய்மொழித் தேர்வில் அதனை விளக்க வேண்டும். மாணவரின் சிந்தனையை அறிய இது உதவும் என்பது எண்ணம். அதில் பழுதில்லை. ஆனால் அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பேச்சுவழக்கில் உள்ள பழக்கமே. அலிக்ஸ் ரூலும் டேவிட் லெவைனும் 2012-இல் கலைக்கூட அறிவிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, அவ்வுலகில் தனி ஆங்கிலம் ஒன்று உருவாகியிருப்பதைக் காட்டினார்கள். பெயரடைகளையெல்லாம் பண்புப்பெயர்களாக ஊதிப் பெருக்கும், எளிய இடத்தையும் ‘வெளி’ ஆக்கும் மொழி அது. பெருநகர ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தவர் முதலாண்டிலேயே அதன் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறார். சுவர் விளம்பரம் எழுதும் தந்தையிடம் தூரிகை பிடிக்கக் கற்று வந்த மாணவி, எழுத்தின் இடைவெளியைக் கண்ணாலேயே அளக்க வல்லவள், தேர்வாளர் முன் ‘பார்த்தேன், அப்படி வரணும்னு தோணுச்சு’ என்று நிறுத்திவிடுகிறாள். குறிப்பேட்டில் ‘கருத்து போதாது’ என்று ஏறுகிறது. அவள் கையில் இருந்த கருத்தைக் கேட்பதற்கான வினாவை எவரும் தொடுக்கவில்லை. அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லாத கல்விமுறை, அதனை வீட்டிலேயே கற்று வந்தவருக்கே சாதகமாகும் என்று பேசில் பெர்ன்ஸ்டைன் 1970-களில் எழுதியதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

சென்னையிலும் கும்பகோணத்திலும் ஆண்டு முழுவதும் தமிழில் சுட்டிக்காட்டிக் கற்பித்துவிட்டு, தீர்ப்பு நாளில் மட்டும் ஆங்கிலக் கருத்துரையை எதிர்பார்ப்பதாயின் அது விந்தையான ஏற்பாடு. பரோடாவில் குஜராத்திக்கும் சாந்திநிகேதனில் வங்காளத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மாணாக்கரை வகைப்படுத்துவதில் தமிழிலக்கணத்துக்கே ஒரு பழைய பழக்கம் உண்டு. நன்னூல் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைப்பட்டவருக்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றைக் கடைப்பட்டவருக்கும் உவமையாக்குகிறது. இன்றைய வகுப்பில் ஒருவரை எருமை என்பது தகாது, அதை விட்டுவிடலாம். ஆனால் அவ்வுவமைகள் எவற்றை நோக்குகின்றன என்பது கவனத்துக்குரியது. பிரித்தெடுத்தல், அசைபோடுதல், இட்ட உழைப்புக்கேற்ப விளைதல், சொன்னதையே சொல்லுதல், மேய்ந்தபடியே இடம் மாறுதல், கலக்கிக் குடித்தல். இவை கற்கும் முறையின் பெயர்கள். தேர்வுநாளில் சுவரில் சாய்ந்திருக்கும் ஒற்றை ஓவியத்தைப் பார்த்து இவற்றில் எதையும் சொல்ல இயலாது. கிளியின் ஓவியம் அன்று அழகாகவே இருக்கும்.

மாற்று என்ன என்பதில் பெரிய புதிர் இல்லை. இறுதிப் படைப்போடு கைவிடப்பட்ட ஒன்றும், ஆண்டுத் தொடக்கத்தில் செய்த ஒன்றும், அழித்தலும் திருத்தலுமாக நிறைந்த வரைவேடும் தேர்வாளர் முன் இருக்க வேண்டும். எதைக் கைவிட்டார் என்பது மாணவரின் தீர்ப்பாற்றலைக் காட்டுவதுபோல் முடித்த படைப்பு காட்டாது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வாக்கியமாவது எழுதப்பட வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் படைப்பின் ஓர் இடத்தைச் சுட்ட வேண்டும். கருத்துரையும் வாய்மொழித் தேர்வும் மாணவர் விரும்பும் மொழியில் நடக்க வேண்டும். பருவத்தின் நடுவில், மெழுகு நிலையில், மதிப்பெண் இல்லாத ஒரு பார்வை அமர்வு வேண்டும்.

நந்தலால் போஸ் தவம் செய்யும் உமையை வரைந்தபோது, ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர் வண்ணம் குறைவென்றும் இன்னும் அணிசெய்யலாம் என்றும் சொல்லிவிட்டு வீடு திரும்பினாராம். இரவெல்லாம் உறக்கமில்லை. தவத்தில் இருப்பவளுக்கு அணி எதற்கு என்று தோன்றியதும் விடிந்தவுடன் மாணவரிடம் ஓடிச்சென்று படத்தைத் தொடாமல் தடுத்தார் என்பார்கள். இன்றைய விதிமுறையில் முதல்நாள் மாலையே எண் பதிவேற்றப்பட்டிருக்கும். மறுநாள் மீண்டும் ஒருமுறை பார்க்கும் உரிமை மாணவருக்கு மட்டுமின்றித் தேர்வாளருக்கும் வேண்டும்.

நாற்பது மாணவர்களுக்கு இவ்வளவும் செய்ய நேரம் ஏது என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பு, நிரப்பப்படாத பணியிடங்களோடும் தற்காலிக விரிவுரையாளர்களோடும் ஓடும் துறைகளில் இது எளிதன்று. ஆனால் அதே துறைகள் விளைவு அட்டவணைகளை நிரப்புவதற்கு ஒவ்வொரு பருவமும் நாள்கணக்கில் நேரம் கண்டுபிடிக்கின்றன. அகவயத் தீர்ப்பு மிகும் என்பது இரண்டாவது மறுப்பு. எண் மட்டும் இடும்போதும் தீர்ப்பு அகவயமானதே. காரணத்தை எழுதினால் அதனோடு வாதிடவாவது முடியும். ‘இடக்கையின் நிழல் உடலிலிருந்து பிரிந்து நிற்கிறது’ என்று எழுதிய தேர்வாளரிடம், அது வேண்டுமென்றே செய்தது என்று மாணவர் மறுத்துச் சொல்லலாம். 54-இடம் எவரும் எதையும் மறுத்துச் சொல்ல முடியாது.

தேர்வுப் பட்டியல்கள் பலவற்றில் கடைசிப் பத்தியாகக் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் ஏற்கெனவே உண்டு. அகலம் ஓர் அங்குலம் இருக்கலாம். தேர்வுக்கு வராதவர்களின் பதிவெண்ணுக்கு நேராக மட்டும் அதில் ஏதேனும் எழுதப்படுகிறது.