கங்காணியைத் தேடு, பாட்டன் கிடைப்பான்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் போயிருந்தேன். ஜொகூர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி, நான் சங்க வேலை பார்த்த தோட்டத்துப் பையன், தேக்கா மார்க்கெட்டில் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான்.

"அண்ணே, எங்க தாத்தாவோட அப்பா எந்த ஊர்லேருந்து வந்தாருன்னு மூணு மாசமா தேடுறேன். குடும்ப வரலாறு தேடித்தர்ற வெள்ளைக்காரன் கம்பெனிக்குக் காசுகூடக் கட்டிட்டேன். ஒண்ணும் ஆப்பிடல."

என்ன போட்டுத் தேடினாய் என்று கேட்டேன். பூட்டனார் பெயர் ராமசாமி. அதைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டிருக்கிறான். பிறந்த ஊர் என்ற இடத்தில் நாகப்பட்டணம் என்று போட்டிருக்கிறான். ராமசாமிகள் வந்து குவிந்திருக்கிறார்கள். நேட்டால் ராமசாமி, பிஜி ராமசாமி, மொரிசியஸ் ராமசாமி. இவன் வீட்டு ராமசாமி மட்டும் அதில் இல்லை.

"தம்பி, நாகப்பட்டணம் அவர் பிறந்த ஊரா, கப்பல் ஏறின ஊரா?"

பையன் விழித்தான். "அப்பாயி அப்படித்தாண்ணே சொல்லும், நாகப்பட்டணத்துலேருந்து வந்தோம்னு."

தோழர்களே, நம்மில் பாதிப்பேர் கதை இதுதான். நாகப்பட்டணத்திலும் ஆவடியிலும் ஆள் தங்க வைக்கும் டிப்போ இருந்தது. உள்ளூர்க் கிராமத்தின் பெயர் இரண்டு தலைமுறையில் மறந்துபோய், கப்பல் ஏறிய துறைமுகமே நமக்குச் சொந்த ஊராகி விட்டது.

ஆங்கிலேயனுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1538ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் தேவாலயங்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத உத்தரவாகி விட்டது. 1837 முதல் அரசாங்கமே பிறப்பு, இறப்பைப் பதிந்தது. 1921இல் எடுத்த குடிக்கணக்கை நூறாண்டு பூட்டி வைத்திருந்து 2022 ஜனவரியில் திறந்து விட்டார்கள். சென்னை ராஜதானியில் செத்த வெள்ளைக்காரனுக்குக்கூட மாதா கோயில் ஏட்டின் நகல் லண்டனுக்குப் போனது. இன்றும் அது பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. துரையின் பேரன் தன் பாட்டனைத் தேடினால் பெயர், தகப்பன், தொழில், அடக்கம் என்று வரிசையாகக் கிடைக்கும்.

நம் ஆட்களுக்கு ஏன் கிடைப்பதில்லை? வெள்ளைக்காரனுக்கு எழுதத் தெரியாமலா? அப்படிச் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் அங்கே கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 152,184 பேர். ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். மொரிசியஸில் ஆளைப் படம் பிடித்தே வைத்தார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன.

பாசத்தாலா எழுதினார்கள்? இல்லை. ஐந்து வருஷம் கட்டிப்போட்ட ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக எழுதினார்கள். அடிமைச் சங்கிலிபோல் எழுதியது இன்று பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகி விட்டது.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. அதற்கும் முன்பிருந்தே நம் ஆட்களைக் கங்காணிகள் கொண்டு வந்தார்கள். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள், அந்தப் பணத்தில் ஆளுக்குக் கப்பல் கட்டணம். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரைக்கும் இப்படியே வந்தார்கள். இந்த முறையில் தேவைப்பட்டது எண்ணிக்கை. ஆண் எத்தனை, பெண் எத்தனை, சிறுவர் எத்தனை, அவ்வளவுதான். நேட்டாலுக்கு இருப்பதுபோல் கிராமமும் தகப்பன் பெயரும் சேர்ந்த முழுப் பட்டியல் நம் கைக்கு வந்து சேரவில்லை.

சிங்கப்பூர் கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மறுநாள் தம்பி லீவு போட்டான், இரண்டு பேரும் போனோம். நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடம். ஆங்கிலம் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். தம்பி வாசித்தான், நான் கேட்டேன். பழைய ஆண்டறிக்கைகளில் வந்த தலை எத்தனை, திரும்பிய தலை எத்தனை, ஆஸ்பத்திரியில் இறந்த தலை எத்தனை என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற சம்பளக் கணக்கும் அந்தக் காலத்துக் காகிதத்தில் உண்டு. சம்பளம் வாங்கியவன் பெயர்தான் இல்லை.

அதே சிங்கப்பூரில் கிராஞ்சிக்கும் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் உடல் கிடைக்காத போர்வீரர்களின் பெயர்களை அங்கே சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள், 24,000க்கும் மேல். இந்தியச் சிப்பாய்கள் பெயரும் இருக்கிறது. நல்லது, வணங்க வேண்டிய இடம். ஆனால் சயாம் மரண ரயிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1942, 43இல் அங்கே மாண்ட போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர். அவர்களுக்குக் கல்லறையும் ஏடும் உண்டு. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்கிறார்கள். அதில் நம் தோட்டத்து ஜனம் எத்தனை எத்தனை! அவர்களுக்கு எந்தச் சுவர்?

ஒரு விஷயத்தை மட்டும் சங்கக்காரன் என்ற முறையில் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் ஆட்களின் தலைக்கணக்கு பெயராக மாறிய இடம் ஒன்று உண்டு. எதிர்த்து நின்ற இடம். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதனை அந்த ஆண்டு மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் பெயர் சர்க்கார் காகிதத்தில் அழியாமல் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் பணிந்து நின்றவரை நாம் வெறும் தலை. நிமிர்ந்தபோதுதான் பெயர் கேட்டார்கள்.

சரி, காகிதம் இல்லை என்பதால் தேடுவதை விட்டுவிடுவதா? கூடாது. தேடும் முறையை மாற்ற வேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் பின்னால் ஒட்டும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆங்கிலக் கட்டத்தில் அதைத் திணித்தால் ஆள் தப்பிப் போவார். பெயரையும் கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதினான். முனுசாமி மூனிசாமியாவான், இன்னொரு ஏட்டில் முனியனாவான்.

ஊரும் மாறிப்போச்சு. பழைய தஞ்சாவூர் ஜில்லா இன்று நாலைந்து மாவட்டமாக நிற்கிறது. பழைய காகிதத்தில் ஜில்லா பெயரைப் பார்த்துவிட்டு இன்றைய படத்தில் தேடினால் ஏமாந்து போவோம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கங்காணி. கங்காணி எங்கே ஆள் பிடித்தான்? தன் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான். தன் ஜனம், தன் தெரிந்த ஜனம். ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள் பலரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே. ஆகையால் பூட்டன் ஊர் தெரியாவிட்டால், அவரைக் கூட்டி வந்த கங்காணியின் ஊரைக் கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் ஊரைக் கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். ஊரை மறந்தவர்கள்கூடச் சாமியை மறப்பதில்லை.

இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியிடம் சொன்னேன். உடனே தேக்காவிலிருந்தே தோட்டத்துக்குப் போன் போட்டான். அப்பாயிக்கு வயது 86. மாமியார் சொல்லிக் கேட்ட கதைதான் அதற்குத் தெரியும்.

"கங்காணியா? அவரு மன்னார்குடிப் பக்கம்டா அய்யா. நம்ம சாமி வீரனாரு. கொளத்தங்கரையில புளியமரத்தடியில இருக்கும்னு எங்க மாமியா சொல்லும். இத்தனை நாளா இதை ஏன்டா என்கிட்ட கேக்கல?"

பக்கத்து மேசையில் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு தோழர் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கிறது. "நான் மன்னார்குடி தாலுகாதாங்க, இப்ப திருவாரூர் மாவட்டம். கொளத்தங்கரை வீரனாரு எங்க பக்கத்துல ரெண்டு மூணு ஊர்ல இருக்காரு. பொங்கலுக்குப் போறப்ப விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். மூன்று மாதம் காசு கட்டித் தேடியும் வராத வழி, ஒரு கோப்பை தேத்தண்ணி நேரத்தில் திறந்தது. இன்னும் ஊர் உறுதியாகவில்லை. ஆனால் தேட வேண்டிய திசை தெரிந்து விட்டது.

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன, சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் சாதிப் பெருமை தேடத்தான் இதைச் செய்வார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு நான் துணை போக மாட்டேன். சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக்கவே பெயரை மாற்றிக்கொண்டு கப்பல் ஏறியவர்களும் உண்டு. அவர்கள் மறைத்ததை மதிப்போம்.

சோறு போடுமா என்பதற்குப் பதில் வேறு. தோட்டம் விற்கப்படும்போது என்ன கேட்கிறார்கள்? எத்தனை வருஷம் வேலை செய்தாய், செக்ரோலில் பெயர் இருக்கிறதா என்றுதானே? காகிதத்தில் பெயர் இல்லாதவனுக்குப் பாக்கியும் இல்லை, வீடும் இல்லை. 2015 வரை இருந்த இந்திய வம்சாவளி அட்டை கேட்டு மனுப் போட்டாலும் பூட்டன் வரைக்கும் ஆதாரம் காட்டு என்றார்கள். நம்மை எண்ணியவர்கள் நமக்காக எழுதவில்லை. நாமாவது எழுத வேண்டாமா?

நேரம் அதிகம் இல்லை தோழர்களே. சிங்கப்பூர் பிடாடரி இடுகாடு 1972இல் மூடப்பட்டது. 2001 முதல் தோண்டி எடுத்தார்கள், இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். நம் தோட்டங்களும் வீடமைப்புத் திட்டமாகிக் கொண்டிருக்கின்றன. தோட்டத்துக் கோயில் வரிப் புத்தகம், திருவிழா நன்கொடை நோட்டு, சங்கச் சந்தா ரசீது, பழைய செக்ரோல் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. அதில்தான் நம் பாட்டன்மார் பெயர் தமிழில் இருக்கிறது.

ஒவ்வொரு கிளைக்கும் என் வேண்டுகோள் இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இந்த மாதமே லயத்தில் உள்ள மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். பெயர், தகப்பன் பெயர், தாயார் பெயர், கங்காணி பெயர், குலதெய்வம், வந்த கப்பல், வேலை செய்த தோட்டம் இவற்றை எழுதிக் கொள்ளுங்கள். பெண்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். 40 காசுக்குப் பால் வெட்டியவர்களை நாமும் மறந்தால் அது வெள்ளைக்காரன் செய்ததை விட மோசம்.

அப்பாயி கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. "இத்தனை நாளா ஏன்டா கேக்கல?" உங்கள் வீட்டு அப்பாயி அதைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் போய்க் கேட்டு விடுங்கள்.