பலகைப் போரும் பாஞ்சாலங்குறிச்சியும்

சென்ற விடுமுறையில் எம் நண்பர் சிலர் தூத்துக்குடியில் ஒரு வீட்டு மாடியிற் கூடி, ஈட்டியும் துப்பாக்கியும் ஒருங்கு வழங்கிய காலத்துப் போர்களைப் பொம்மைகளால் ஆடும் விளையாட்டொன்றைத் தொடங்கினர். விரலளவே உள்ள வீரர்களை அணியணியாக நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்துவர். வெற்றி தோல்வியைப் பாதி சூழ்ச்சியும் பாதி கவறும் முடிவு செய்யும். யாமும் அதிற் கலந்துகொண்டோம். “போரை விளையாட்டாக்குதல் கற்பவர்க்குத் தகுமோ?” என்று பெரியோர் சிலர் வினவினர். அவ்வினாவிற்கு எமக்குத் தோன்றிய விடையை ஈண்டுக் கூறுவோம்.

இது வெறும் பிள்ளை விளையாட்டன்று. 1824-இல் பிரஷ்ய நாட்டார் தம் படை அதிகாரிகளைப் பயிற்றுதற்கு இத்தகைய ஆட்டத்தை ஏற்றுக்கொண்டனர். 1913-இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்து நூலே எழுதினார். ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், துப்பாக்கிக்காரர் மருந்து கெட்டிக்கும் வரை நெடிய ஈட்டியேந்தியோர் அவரைக் காத்து நின்றனர். துப்பாக்கி முனையிற் செருகும் கத்தி வந்தபின், 1700-ஐ ஒட்டி, அங்கே ஈட்டியணி மறைந்தது.

முதலில், 1658-இல் ஒல்லாந்தர் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய போரை ஆடினோம். பலகையின் இருபுறமும் அயலாரே நின்றனர். முத்துக்குளித்து வாழ்ந்த எம் முன்னோர்க்கு அதில் ஓர் இடமும் இல்லை. அக்குறை உறுத்தவே, அடுத்து 1801-ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரை எடுத்துக்கொண்டோம்.

கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை 1801 பெப்ருவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிந்த மண்கோட்டையை விரைவில் எழுப்பினான். மார்ச்சு 31-ஆம் நாள் கும்பினிப் படை மதிலில் வழி திறந்து பாய்ந்தும், பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கியது. ஏன் என்பதைப் புத்தகத்திற் படித்தபோது யாம் உணர்ந்திலோம். பலகையிலோ, இடிந்த வழியில் ஒரு சிலரே ஒருங்கு புக முடியும் என்பதும், சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிக்க நேரமின்மையும், துப்பாக்கிக் கத்தியினும் ஈட்டி நெடிது என்பதும் கண்கூடாயின. பெரும்பீரங்கிகளும் புதுப்படையும் வந்த பின்னரே, மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

இன்னொன்றும் கண்டோம். வெள்ளைப் பொம்மைகள் ஒருபுறம், கறுத்த பொம்மைகள் மறுபுறம் என வைக்க முற்பட்ட நண்பர் கை தயங்கிற்று. கும்பினியின் பக்கத்தே நம் நாட்டுச் சிப்பாய்களும் எட்டயபுரத்து வீரரும் நின்றனரன்றோ? மேடையில் நாம் முழங்கும் வரலாறு, பலகைமேல் வைத்தவுடன் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

ஆயினும் இவ்வாட்டத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. அப்போரில் இருந்த வெல்ஷ் என்னும் கும்பினிப் படை அதிகாரி தம் நினைவு நூலில் ஒரு செய்தி எழுதியுள்ளார். கோட்டை வீழ்ந்தபின் பிணங்களிடையே தன் மகனைத் தேடி வந்த தாயிடம், உயிர் போகும் நிலையிலிருந்த அவன், தன்னை விட்டு அருகே காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டினான். அவள் அவ்வாறே செய்தாள். தேடி வந்த எட்டயபுரத்தாரிடம், அம்மையால் இறந்த பிள்ளை என்று துணியால் மூடி அழுது அவனை மறைத்தனர் பெண்டிர். அத்தாய்க்கு எம் பலகையில் எந்தப் பொம்மையும் இல்லை. அவள் செயலுக்குக் கவற்றில் எந்த எண்ணும் இல்லை.

மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் வகுத்த புறப்பொருள் வெண்பாமாலை, மறக்குடி மகளிரின் உறுதிக்கு மூதின்முல்லை எனத் துறை வகுத்தது. போரைப் பாடிய நம் முன்னோர் மறவாத தாயைப் போரை ஆடும் நாம் மறத்தல் தகுமோ?

ஆதலின் இவ்விளையாட்டை விலக்குக என்று யாம் கூறோம்; ஆடுக என்றே கூறுவோம். ஆனால், ஆடுமுன் அவ்வூர் வரலாற்றைக் கற்க. ஆடியபின் பலகையில் இடம்பெறாதோர் யாவர் என ஒருகால் வினவுக. எம் பொம்மைகளை ஆட்டம் முடிந்ததும் பெட்டியில் எடுத்து வைத்தோம்; மறுநாள் அவை மீண்டும் எழுந்து நின்றன. பாஞ்சாலங்குறிச்சியில் வீழ்ந்தோர், எப்பக்கத்தாராயினும், எழுந்திலர். அவ்வேறுபாட்டை மறவாதவர் கையில் இவ்வாட்டம் கல்வியாகும். மறந்தவர் கையில் வீண்பொழுதேயாகும்.