தரை வழுக்கலாம், கால் தாங்க வேண்டும்

எலும்பு முறிவு வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். “பாத்ரூம்ல வழுக்கிடுச்சு”, “வாசப்படி தடுக்கிடுச்சு”, “பஸ் படி உயரமா இருந்துச்சு” என்பார்கள். தவறு தரையுடையது, படியுடையது. விழுந்த அம்மாவின் கால்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே ஈரத் தரையில் மகனும் பேரனும் எத்தனையோ முறை வழுக்கியிருப்பார்கள். சட்டென்று ஒரு காலை முன்னால் ஊன்றி, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, அதை மறந்தும் போயிருப்பார்கள். அம்மாவால் மட்டும் அந்தக் காலை உரிய நேரத்தில் ஊன்ற முடியவில்லை.

வழுக்குவதற்கும் விழுவதற்கும் நடுவே இருப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் உடலைத் தாங்கிப் பிடிக்கும் திறனை எழுபது வயதிலும் எண்பது வயதிலும் பயிற்சியால் வளர்க்க முடியும். முப்பது ஆண்டு ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன. அந்த அறிவு நம் வீடுகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. முதுமையில் விழுவது இயல்பு என்று நாம் ஏற்றுக்கொண்டு விட்டதுதான் இதற்குப் பெருந்தடை.

எவ்வளவு பெரிய இழப்பு?: ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இந்த இறப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கிறது. 65 வயதைக் கடந்தவர்களில் மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்ற அளவில் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2021இல் இது 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காடாக உயரும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு கூறுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோரின் பங்கு அதிகமுள்ள பெரிய மாநிலம் நம்முடையது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வாழும் பெற்றோரின் எண்ணிக்கையும் கூடுகிறது. விழுந்தவரைத் தூக்க ஆளில்லாத வீடுகள் பெருகும் காலம் இது.

எலும்பு முறியாவிட்டாலும் விழுதல் சும்மா விடுவதில்லை. அது பயத்தை விட்டுச் செல்கிறது. ஒரு முறை விழுந்தவர் கோயிலுக்குப் போவதைக் குறைக்கிறார். பிறகு தெருமுனைக் கடைக்குப் போவதை நிறுத்துகிறார். கட்டிலும் நாற்காலியுமே உலகமாகிறது. பயன்படுத்தாத தசை மெலிகிறது. மெலிந்த கால் மறுபடி விழ வைக்கிறது. விழாமல் இருப்பதற்காக அடங்கி உட்கார்ந்தவர், அப்படி உட்கார்ந்த காரணத்தாலேயே விழுகிறார்.

உடல் எப்படி நிற்கிறது?: நிற்பது சும்மா இருப்பதல்ல. கண் பார்த்துச் சொல்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு தலையின் அசைவைச் சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் தரையின் சாய்வையும் அழுத்தத்தையும் சொல்கின்றன. மூளை மூன்றையும் கூட்டிப் பார்த்துத் தசைக்குக் கட்டளையிடுகிறது. முதுமையில் இந்த மூன்று செய்திகளும் மங்குகின்றன. கண்புரையால் பார்வை குறைகிறது. நீண்டநாள் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் கெடுக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கும் பாதங்கள் நம்மிடையே ஏராளம்.

கட்டளையை நிறைவேற்ற வேண்டிய தசையும் தளர்கிறது. வயதாகும்போது தசையில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் இழைகள். தடுமாறும் உடலைத் தாங்கக் காலைச் சட்டென வீசி ஊன்ற உதவுபவை இவைதான். அதனால்தான் மெதுவாக நடக்கும்போது நன்றாக இருக்கும் பெரியவர், நாய் குறுக்கே ஓடியதும் சரிந்துவிடுகிறார். 1997இல் ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு எளிய உண்மை ஒன்றைக் கண்டது. நடந்துகொண்டே பேசும்போது பேச்சுக்காக நின்றுவிடும் முதியவர்களே பின்னாளில் அதிகம் விழுந்தார்கள். நடப்பதற்கே அவர்களின் முழுக் கவனமும் தேவைப்பட்டது.

நடை மட்டும் போதாது: “தினமும் நடக்கிறேனே” என்பது பெரியவர்கள் பலரும் சொல்லும் பதில். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடக் கூடாது. ஆனால், விழுவதைத் தடுக்க நடை மட்டும் உதவும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சமதளத்தில் நேராக நடப்பது தடுமாறிய உடலை மீட்கக் கற்றுத்தருவதில்லை.

எது கற்றுத்தருகிறது? 25 நாடுகளில் 23,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பயிற்சி செய்தவர்கள் விழுந்த தடவைகள் 23 விழுக்காடு குறைந்தன. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு ஏறத்தாழ 34 விழுக்காடு. மூன்றில் ஒன்று! உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதியவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றது.

இந்த வயதில் தசை வளருமா என்ற ஐயத்துக்கு 1990லேயே பதில் கிடைத்துவிட்டது. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு மையத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் முடிந்தது எழுபதில் முடியாதா?

‘நீங்க உட்காருங்க’: நம் வீடுகளில் அன்பின் மொழி இதுதான். “நீங்க ஏம்மா கஷ்டப்படுறீங்க, உக்காருங்க.” தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுக்கிறோம். கோலம் போட விடுவதில்லை, மாடிப்படி ஏற விடுவதில்லை. மருமகள் பார்த்துக்கொள்கிறாள் என்பது மாமியாருக்கு மரியாதை. இந்த மரியாதையில் குற்றமில்லை. ஆனால், நாளொன்றுக்கு முப்பது நாற்பது முறை குனிந்து நிமிர்ந்து, குத்துக்காலிட்டு எழுந்த உடலை ஐந்தாறு ஆண்டுகளில் நாற்காலிக்குப் பழக்கிவிடுகிறோம். மூட்டு வலி உள்ளவரைத் தரையில் உட்காரச் சொல்வதல்ல என் வாதம். நாற்காலி வந்ததும் போய்விட்ட வேலையை வேறு வகையில் கால்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே வாதம்.

அதை அன்றாட வேலைகளுக்குள்ளேயே வைக்க முடியும் என்று சிட்னி ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். ஏற்கெனவே விழுந்த, 70 வயதைக் கடந்தவர்களிடம் தனியாக உடற்பயிற்சி நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, கீழ்த்தட்டில் உள்ள பொருளை முழங்காலை மடக்கி எடுப்பது என வீட்டு வேலைக்குள் பயிற்சியைக் கலந்தார்கள். விழுந்த தடவைகள் 31 விழுக்காடு குறைந்தன.

நம் வீட்டுக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது. குக்கர் விசில் வரும்வரை பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. சுவரோரமாக ஒரு பாதத்தின் நுனியில் மறுபாதத்தின் குதிகாலைத் தொட வைத்து, அடிமேல் அடி வைத்து நடப்பது. பிடித்துக்கொண்டு தொடங்கி, பிறகு ஒரு விரல் மட்டும் தொட்டு, பிறகு தொடாமல் என்று கடினத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சற்றும் தடுமாறாமல் செய்யும் பயிற்சி சமநிலையை வளர்க்காது. அதனால்தான் அருகில் பிடிமானமும், முதல் சில வாரங்களில் ஓர் ஆளும் இருக்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், அண்மையில் விழுந்த அனுபவம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நிறுத்தினால் பலனும் போய்விடும். இது மாத்திரையைப் போலத் தொடர வேண்டிய ஒன்று.

பயிற்சியோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுந்தவுடன் கண்ணை இருட்டச் செய்யலாம். மருந்துச் சீட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் முழுமையாகக் காட்ட வேண்டும். கண்புரையைத் தள்ளிப்போடக் கூடாது. இரவுக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களின் தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என ஏதேனும் புரதம் வேண்டும். குளியலறையில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, தேய்ந்த ரப்பர் செருப்புக்கு ஓய்வு ஆகியவை ஒரு நாளில் முடியும் வேலைகள்.

அரசு ஒரு படி முன்னால் வர வேண்டும்: முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே மருத்துவர் வ.செ.நடராசன் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. படுக்கையில் கிடப்போருக்கு வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. இந்தியாவில் வேறு பல மாநிலங்களில் கனவாக உள்ள கட்டமைப்பு இது.

குறை எங்கே என்றால், இயன்முறை மருத்துவர் அந்த வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் விழுந்த பிறகு, முறிந்த பிறகு, பக்கவாதம் வந்த பிறகு. அதே வீட்டுக்கு மாத்திரை கொடுக்கப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் மாதந்தோறும் வந்து போயிருப்பார். அவர் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டால் போதும்: கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நடக்கும்போது விழுந்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறதா? பிறகு ஒரு சிறு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆகுமானால் விழும் ஆபத்து உண்டு என்பது மருத்துவ உலகம் பயன்படுத்தும் அளவுகோல். செல்பேசியில் உள்ள கடிகாரமே இதற்குப் போதுமான கருவி.

இவ்வளவு பேருக்குப் பயிற்சி தர இயன்முறை மருத்துவர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் இதற்கு வழிகாட்டுகிறது. அங்கு உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் 1997இல் 80 வயதைத் தாண்டிய பெண்களிடம் முதலில் சோதிக்கப்பட்டது. பிறகு நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுதலும் காயமும் 35 விழுக்காடு குறைந்திருந்தன. அவற்றுள் ஓர் ஆய்வில் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தவர் இயன்முறை மருத்துவர் அல்ல. அவரிடம் பயிற்சி பெற்ற செவிலியர். அந்த ஆய்வில் விழுதல் 46 விழுக்காடு குறைந்தது. நம் கிராம சுகாதார செவிலியர்களால் முடியாத காரியமா இது?

கூட்டாகச் செய்யவும் வழி வேண்டும். ஜெனீவாவில் 65 வயதைக் கடந்த 134 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினர் வாரம் ஒரு மணி நேரம், பியானோ இசையின் தாளத்துக்கேற்ப நடந்து, திரும்பி, அடி மாற்றிப் பயிற்சி செய்தார்கள். ஆறு மாதத்தில் விழுதல் பாதிக்கும் மேல் குறைந்ததாக 2011இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. அடியெடுத்து, குனிந்து, நிமிர்ந்து, வட்டமாகத் திரும்பிக் கைதட்டும் கும்மியை வைத்திருக்கும் நாம் இதற்காகப் பியானோவைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும், சுய உதவிக் குழுக்களின் துணையோடு, வாரம் இரு மாலை முதியோர் கூடிப் பயிற்சி செய்யும் ஏற்பாட்டை அரசு ஒரு மாவட்டத்தில் தொடங்கி, பலனை அளந்து, விரிவாக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு திண்ணையும் சில நாற்காலிகளும் பயிற்சி பெற்ற ஒருவரும்தான்.

முறிந்த இடுப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் செலவை அரசு காப்பீட்டில் ஏற்கிறது. அது தேவை. அந்த முறிவே வராமல் தடுக்கும் செலவு அதில் சிறு பங்குதான். அதை ஒதுக்காமல் இருப்பது சிக்கனமும் அல்ல, அறமும் அல்ல.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள பெரியவரிடம் போய், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். எழ முடிந்தால் நாளையிலிருந்து பத்து முறை எழட்டும். முடியாவிட்டால் உங்கள் கையைக் கொடுங்கள்; இன்றே தொடங்குங்கள்.