உபத்திரவம் சொல்லாதவளுக்கு நோயில்லையா?

கிளமிடியா. ஒழுக்கம் கெட்டவளுக்கு வர்ற நோவுன்னு இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2020இல் மட்டும் உலகத்தில் 12 கோடியே 90 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தத் தொற்று வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அத்தனை பேரும் ஒழுக்கம் கெட்டவங்களா? புருஷனைத் தவிர வேறு ஆளறியாதவளுக்கும் வரும். கொண்டாந்து கொடுக்கிறவன் அவனே. தொற்று வந்த பெண்களில் 100க்கு சுமார் 70 பேருக்கு வலியும் தெரியாது, எரிச்சலும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கருக்குழாயை அடைத்துவிடும். அப்புறம் அவளுக்கு மலடிப் பட்டம். அவனுக்கு ரெண்டாங் கல்யாணம்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறை என்ன? உபத்திரவத்தைக் கேட்டு, கலர் கலராகப் பொட்டலம் கொடுப்பது. வெள்ளைப்படுதுன்னா பச்சைப் பொட்டலம். அந்த மாத்திரை கிளமிடியாவைக் கொல்லாது. அதற்குச் சாம்பல் பொட்டலம். எது வேணும்னு அறிய, கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கணும். சேரிக்காரி உடம்பைத் தொட்டுப் பார்க்க எத்தனை பேருக்குக் கை வருது? உபத்திரவமே தெரியாதவளுக்கோ எந்தப் பொட்டலமும் இல்லை.

1986இல் சென்னையில் பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தைச் சோதித்துத்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு ஊருக்குப் பயம், ரத்தம் எடுத்தார்கள். இன்றைக்குக் கர்ப்பமானால் புள்ளைக்காக எடுக்கிறார்கள். அவளுக்காக எப்போ?

செங்கல்பட்டுச் சூளையில் கல் சுமக்கிறவளும், மாமல்லபுரம் விடுதியில் அடுத்தவன் படுத்த விரிப்பை அலசுகிறவளும் ஒருநாள் கூலியை விட்டால்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியும். சோதனை அவள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும். பஞ்சுக் குச்சியில் மாதிரியை அவளே எடுத்துத் தரலாம், யாரும் தொட வேண்டாம். காசநோய்க்கென்று அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சிபிநாட் மிஷினிலேயே இதையும் சோதிக்கலாம். ஏழு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகிற நோய். மிஷின் இருக்கு, மருந்து இருக்கு. மனசுதான் இல்லை.

அரசாங்கத்தை மட்டும் ஏசி முடிக்க மாட்டேன். மேடையில் பெண்விடுதலை பேசுகிற தோழர்களே, புருஷனுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் அவளுக்குத் திரும்பவும் வரும். முதலில் நீங்கள் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஊசிகூடக் கிடையாது. மூத்திரம் போதும்.